பணியோட்டக் கருவிகளின் வரலாறு – 6: மடுவத்திலிருந்து பலரினா வரை

ஒரு வேலை பல கைகள் மாறி முடிய வேண்டியதானால், யாருக்குப் பிறகு யார், எந்த நிபந்தனையில், எந்தத் தாளோடு என்ற ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்குக்குப் பணியோட்டம் என்று பெயர். அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க மென்பொருளாளர் கையாளும் மொழிகளும் வரைபலகைகளும் இயக்கிகளும் பணியோட்டக் கருவிகள். இவற்றின் வரலாற்றில் இலங்கைக்கு அதன் அளவை மிஞ்சிய இடம் உண்டு. உலகின் பெரிய கம்பனிகள் ஏற்றுக்கொண்ட ஒரு பணியோட்ட மொழியை எழுதிய எழுவரில் ஒருவர் இலங்கையர். அந்த மொழியை ஓட்டும் இயக்கியைக் கொழும்பில் இருந்து ஒரு கம்பனி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. பணியோட்டம் என்ற பொருளோ, கணினிக்கு வெகு காலம் முன்பே ஊவா மலைகளில் தாளும் பென்சிலுமாக ஓடிக்கொண்டிருந்தது.

எல்ல, தெமோதரை, பதுளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு நாள் கொழுந்து போகும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போய், நிரை பிடித்து எடுக்கும் கொழுந்து, கூடை நிறைந்ததும் நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வருகிறது. கொழுந்து தராசில் ஏறுகிறது. முள் ஓரிடத்தில் நிற்கிறது. சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிகிறது. மிச்சத்தைக் கணக்குப்பிள்ளை உரக்கச் சொல்ல, அந்த எண் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறுகிறது. நாள் முடிவில் குறித்த கிலோ வந்திருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாட்கூலி. குறைந்தால் அரைப் பேர். கொழுந்து லொறியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய் மறுபடி நிறுக்கப்படுகிறது. மலை எடையும் ஸ்டோர் எடையும் ஒத்துப்போகாவிட்டால் யாராவது விளக்கம் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து இரண்டு ஓட்டங்கள் பிரிகின்றன. தேயிலையின் ஓட்டத்தில் 100 கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, 21 அல்லது 22 கிலோ தூளாகி, 1883-இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. கூலியின் ஓட்டத்தில் செக்ரோல் ஒப்பீசுக்குப் போகிறது. அங்கே ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், கம்பனியின் 12 வீதம் என்று கணக்குப் பார்த்து, முற்பணம் கழித்து, மாதச் சம்பளத் துண்டு எழுதப்படுகிறது. இரண்டுக்கும் தாய், மடுவத்தில் உரக்கச் சொன்ன அந்த ஒற்றை எண். அங்கே ஒரு கிலோ பிசகினால் கீழே ஓடும் எல்லாக் கணக்கும் பிசகும்.

துண்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இதைவிடக் கசப்பான பழைய பொருள் ஒன்று இருந்தது. கங்காணி முறை நடந்த காலத்தில், ஒரு கூட்டம் தொழிலாளர் தோட்டம் மாற வேண்டுமானால், அவர்கள் தலையில் ஏறியிருக்கும் கடன் இவ்வளவு, இதைச் செலுத்தினால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் குறையாமல் புதிய தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறும். பணியோட்டத்தின் மொழியில் சொன்னால், ஆளின் நிலையை மாற்றும் அதிகாரம் முழுவதும் ஒரு ஆவணத்திடம் இருந்தது. அதை எழுதும் கை தொழிலாளியிடம் இல்லை. 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கத் தொழிற் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதே 1921-இன் டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் ஃபிராங்க் கில்பிரத்தும் லில்லியன் கில்பிரத்தும் வேலையைச் சின்னங்களால் வரையும் செயல்வழிப் படத்தை முன்வைத்தார்கள். இன்று மென்பொருளாளர் திரையில் இழுத்து வைக்கும் பெட்டிகளுக்கும் அம்புகளுக்கும் மூதாதை அந்தப் படம்.

வரைபடம் மட்டும் போதாது என்று காட்டியவர் ஜெர்மானியரான கார்ல் ஆடம் பெட்ரி. அவருடைய 1962 ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த பெட்ரி வலையில் வட்டங்களும் கோடுகளும் உண்டு. வட்டங்களுக்குள் வில்லைகள் நகரும். வில்லை இருக்கும் இடமே வேலை நிற்கும் இடம். ஒரு செயல் நடக்க வேண்டுமானால் அதற்குரிய வட்டத்தில் வில்லை இருந்தாக வேண்டும்.

எல்ல ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1924-இல் பதுளை வரை எட்டிய மலையகப் பாதையில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தைத் தாண்டிப் போவது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காக நிலைய அதிபரின் அறையில் உள்ள இயந்திரத்திலிருந்து ஒரு உலோக வில்லை எடுக்கப்படும். அதைத் தோல் பையில் இட்டு, பெரிய வளையத்தில் கோத்துச் சாரதியிடம் கொடுப்பார்கள். அந்த வளையம் கையில் இல்லாத சாரதி நகரக் கூடாது. இரு நிலையத்து இயந்திரங்களும் கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வில்லை வெளியே இருக்கும்போது இரண்டாவதை எடுக்க முடியாது. பெட்ரி கணிதத்தில் எழுதியதை ரயில்வே பித்தளையிலும் இரும்பிலும் முன்பே செய்து வைத்திருந்தது. இன்றைய பணியோட்ட இயக்கிகளின் ஆவணங்களிலும் நகரும் அந்தப் பொருளுக்கு ரயில்வேக்காரர் சொல்லும் டோக்கன் என்ற பெயர்தான்.

பெட்ரிக்குப் பிறகான முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 1970-களின் இறுதியில் ஸெரொக்ஸ் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் எல்லிஸும் உடன் உழைத்தோரும் ஒப்பீஸ் தாள்களைத் திரையில் நகர்த்திப் பார்த்தனர். 1980-களில் ஃபைல்நெட் கம்பனி, வருடிய ஆவணங்களை மேசைக்கு மேசை அனுப்பும் மென்பொருளை விற்றது. 1993-இல் பணியோட்ட மேலாண்மைக் கூட்டமைப்பு உருவாகி, 1995-இல் எல்லோருக்கும் பொதுவான மாதிரி ஒன்றை வெளியிட்டது. ஆனால் ஒரு கம்பனியின் கருவியில் எழுதியதை இன்னொன்றில் ஓட்ட முடியவில்லை. வாங்கியவர் விற்றவரிடம் கட்டுண்டார்.

இந்தக் கட்டை அவிழ்க்கும் பெரிய முயற்சி 2002 ஆகஸ்டில் வந்தது. ஐ.பி.எம். கையில் ஃபிராங்க் லைமான் வகுத்த மொழி ஒன்று இருந்தது. அது வேலைகளை வலைபோல் கோடிழுத்து இணைத்தது. மைக்ரோசொஃப்ட் கையில் சதீஷ் தத்தே வகுத்த எக்ஸ்லாங் இருந்தது. அது நிரல்போல் அடைப்புக்குள் அடைப்பாக அடுக்கியது. இரண்டும் கலந்து பி.பி.ஈ.எல். என்ற மொழி பிறந்தது. அதன் முதல் பதிப்பில் கையெழுத்திட்ட எழுவரில் சஞ்சீவ வீரவரணவும் ஒருவர். அப்போது நியூயோர்க் அருகே ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த அவர், இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற தரத்தை எழுதியவர்களிலும் இருந்தார். பி.பி.ஈ.எல். 2007 ஏப்ரலில் ஒயாசிஸ் அமைப்பின் முறையான தரமானது.

இரண்டு மொழிகளின் பாணியும் ஒன்றாக உள்ளே வந்துவிட்டதால், ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதலாம் என்ற குழப்பம் அதில் கடைசிவரை இருந்தது. ஆனாலும் அதன் உள்ளடக்கம் ஆழமானது. பெறு, அழை, பதில் கொடு, காத்திரு, ஈடுசெய் போன்ற சில வினைகளே மொத்த மொழி. கொழுந்துக் கணக்கை அதில் எழுதினால் ‘பெறு’ என்பது மடுவத்திலிருந்து எடை வருவது; ‘அழை’ என்பது சம்பளக் கணக்கைக் கூப்பிடுவது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேரின் எடை வந்தால் எது யாருடையது? தொழிலாளியின் செக்ரோல் இலக்கமும் தேதியும் சேர்ந்த அடையாளத்தை வைத்து, வந்த செய்தியை உரிய ஓட்டத்தோடு இயக்கி பொருத்திவிடும்.

அருமையானவை காத்திருப்பும் ஈடுசெய்தலும். சம்பள ஓட்டம் ஒரு மாதம் நீள்கிறது. அவ்வளவு நாளும் கணினியின் நினைவகத்தை அது பிடித்து வைத்திருக்க முடியாது. இடையில் மின்சாரமும் போகும். ஆகவே ஓட்டம் எங்கே நிற்கிறது என்பதை இயக்கி தரவுத்தளத்தில் எழுதிவிட்டு நினைவகத்தை விடுவிக்கிறது. அடுத்த செய்தி வந்ததும் எடுத்து உயிர்ப்பிக்கிறது. இதற்கு நீர் நீக்கல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்தார்கள். பச்சைக் கொழுந்தைத் தட்டில் பரப்பி இரவு முழுக்க வாட்டும் ஊருக்கு அந்தச் சொல் அந்நியமாக இராது. ஈடுசெய்தலின் வேர் 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சாலமும் எழுதிய சாகா என்ற கட்டுரை. நீண்ட ஓட்டத்தில் முன்பு முடிந்த படியை அழிக்க முடியாது. அதை நேராக்கும் எதிர்ப்படியைத்தான் எழுத முடியும். பிழையான எடையைச் சுரண்டி அழிக்காமல், திருத்தப் பதிவு ஒன்றைச் சேர்ப்பது போல. நல்ல கிளாக்கர்மார் இதைப் பேரேட்டில் எப்போதும் செய்துவந்தார்கள்.

2005 ஆகஸ்டில் வீரவரண, போல் ஃபிரீமாண்டில், தவனம் ஸ்ரீனிவாஸ் ஆகியோரோடு டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியைத் தொடங்கினார். கம்பனியின் மென்பொருளாளர் படை கொழும்பில் இருந்தது. மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். உதவி வேண்டுவோர் பணம் கட்டலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் வெளிநாட்டுக்குப் போகாமலே உலகத் தரத்து இடைநிலை மென்பொருளை எழுத இது வழி திறந்தது. பி.பி.ஈ.எல். ஓட்ட அப்பாச்சி அறக்கட்டளையில் ஓ.டி.ஈ. என்ற இயக்கி இருந்தது. கொழும்பினர் அதில் பங்களித்து, அதையே உள்ளே வைத்து வணிகப் பணியோட்டச் சேவையகம் என்ற தங்கள் பொருளை உருவாக்கினர். எழுதுவதற்கு, எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவி மீது கட்டிய டெவலப்பர் ஸ்டூடியோ என்ற மேசை. இடப்பக்கப் பெட்டியிலிருந்து வினைகளை இழுத்து நடுவில் வைத்தால், பின்னால் பி.பி.ஈ.எல். எழுதப்படும் குறிமொழியான எக்ஸ்.எம்.எல்.லின் வரிகள் தாமாக எழுதப்படும். அந்த வரிகளை நேரில் படிப்பது கடினம். படத்தில் பத்துப் பெட்டி, கோப்பில் நூற்றுக்கணக்கான வரி.

பி.பி.ஈ.எல்.லின் பெருங்குறை வேறொன்று. அதற்கு மனிதரைத் தெரியாது. சேவை சேவையை அழைப்பதற்கென்றே வகுத்த மொழி அது. ஒருவர் பார்த்து ஒப்பமிட வேண்டிய படிக்கு அதில் சொல்லே இல்லை. மலை எடையும் ஸ்டோர் எடையும் வேறுபட்டால் தீர்ப்பது ஆள்தான். அரைப் பேரா முழுப் பேரா என்பதையும் ஆள்தான் முடிவு செய்கிறார். உலகின் எல்லா அலுவலகத்திலும் நிலைமை இதுவே. ஐ.பி.எம்., எஸ்.ஏ.பி. முதலியவை 2007-இல் மனிதப் பணி என்ற துணைத் தரத்தை முன்வைத்தன. 2010-இல் அது ஒயாசிஸின் குழு விவரக்குறிப்பாக வெளிவந்தது. பணி யாருக்குரியது, யார் கையேற்றார், கெடு தாண்டினால் யாரிடம் மேலேறும் என்பதெல்லாம் அதில் வந்தது. கொழும்புச் சேவையகமும் அதைச் சேர்த்துக்கொண்டது. மனிதர் முதலிலேயே இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு எட்டு ஆண்டு கழித்து வந்தார் என்பது இந்தத் துறையின் வருத்தத்துக்குரிய உண்மை.

அதற்குள் வேறொரு மொழி மேலோங்கியது. 2004-இல் ஸ்டீபன் வைட் தலைமையில் உருவான பி.பி.எம்.என்., வணிகர் படிக்கும் படமாகவே தொடங்கியது. 2011-இல் வந்த இரண்டாம் பதிப்போடு அந்தப் படத்தையே இயக்கி நேராக ஓட்டக்கூடியதாயிற்று. நீச்சல் குளத்தின் கோடுகள்போல் ஒவ்வொருவருக்கும் ஒரு தடம். தடத்துக்குள் அவரவர் பணி. தொழிலாளி, கணக்குப்பிள்ளை, ஸ்டோர், ஒப்பீஸ் என்று நான்கு தடம் போட்டால் கொழுந்துக் கணக்கு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மனிதப் பணிக்குத் தனிச் சின்னமும் உண்டு. 2010-இல் டொம் பேயன்ஸும் ஜோராம் பாரெஸும் அக்டிவிட்டி என்ற இயக்கியைத் தொடங்கினர். அதிலிருந்து 2013-இல் கமுண்டாவும் 2016-இல் ஃபுளோவபிளும் கிளைத்தன. டபிள்யூ.எஸ்.ஓ.2-வும் தன் பின்னைய பதிப்புகளில் அக்டிவிட்டியை உள்வைத்து இரண்டு மொழிகளையும் ஓட்டியது. அப்பாச்சியின் ஓ.டி.ஈ. பின்னர், ஓய்ந்த திட்டங்களைச் சேர்த்து வைக்கும் பரணுக்குப் போனது.

சென்னையிலிருந்தும் இதே காலத்தில் வேறு வழி பிறந்தது. நிரல் எழுதத் தெரியாதவரே பணியோட்டம் கட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். 2006-இல் சோஹோ கிரியேட்டரும், 2012-இல் சுரேஷ் சம்பந்தத்தின் கம்பனி வெளியிட்ட கிஸ்ஃபுளோவும் படிவத்தை வரைந்து, ஒப்புதல் வரிசையைச் சொன்னாலே ஓடும்படி செய்தன. லீவு விண்ணப்பத்துக்கும் கொள்முதல் கோரிக்கைக்கும் இது போதும். சம்பளம் போன்ற சிக்கலான கணக்குக்கு எழுதத் தெரிந்தவரின் கை இன்னமும் தேவைப்படுகிறது.

ஏன் தேவைப்படுகிறது என்பதைத் தோட்டச் சம்பளமே காட்டும். 2013-இன் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்கூலி 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30; மொத்தம் 620. 2016-இல் அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப் பங்கு 30, புதிதாக உற்பத்திக்கு 140, மொத்தம் 730. 2019-இல் வரவும் உற்பத்தியும் நீங்கி, அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்றானது. 2021-இல் கூட்டு ஒப்பந்தம் விலகி, சம்பளச் சபை வழியாக 900-உம் வரவுசெலவுக் கொடுப்பனவு 100-உம் சேர்ந்து 1,000 ரூபா. 2024-இல் 1,350. தொகை மட்டும் மாறவில்லை, கணக்கின் வடிவமும் ஒவ்வொரு தடவையும் மாறியது. வரவுக் கொடுப்பனவு இருந்த ஆண்டுகளில் மாதம் முடியும்வரை ஒருவருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அவர் எத்தனை நாள் வந்தார் என்பது கடைசி நாளில்தான் தெரியும்.

இந்த விதிகளை ஓட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நிரலைக் கிழித்துத் தைக்க வேண்டும்; பாதி மாதத்தில் விதி மாறினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகள் எந்த விதிப்படி முடிவது என்ற கேள்வியும் எழும். ஆகவே ஓட்டம் ஓரிடத்திலும் விதி அட்டவணையாக வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்று துறை கற்றுக்கொண்டது. 2015-இல் பி.பி.எம்.என்.னுக்குத் துணையாக டி.எம்.என். என்ற முடிவு அட்டவணைத் தரம் வந்தது. ஒவ்வொரு விதிக்கும் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற நிரல் இருந்தால், நிலுவைச் சம்பளத்தையும் பிழையின்றிக் கணக்கிடலாம். ஒப்பந்தம் தாமதமாகி நிலுவைக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு நிரலின் அருமை தெரியும்.

2017-இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 தன் பணியோட்டச் சேவையகத்தை என்டர்பிரைஸ் இண்டகிரேட்டர் என்ற பெரிய தொகுப்புக்குள் சேர்த்தது. அதே ஆண்டு பலரினா என்ற புதிய நிரல்மொழியை அறிவித்தது. எக்ஸ்.எம்.எல்.லில் ஓட்டம் எழுதிய நீண்ட அனுபவமே அதற்குக் காரணம். படமாக வரைந்து எக்ஸ்.எம்.எல்.லாகச் சேமிப்பது சிறிய ஓட்டத்துக்கு எளிது. பெரிதானதும் திருத்தவோ சோதிக்கவோ இருவர் எழுதியதை ஒப்பிடவோ முடியாது. சாதாரண நிரலில் எழுதினால் அந்த வசதிகள் கிடைக்கும். யார் யாரிடம் பேசுகிறார் என்ற படமோ மறைந்துவிடும். பலரினா இரண்டையும் வைத்துக்கொண்டது. எழுதிய நிரலிலிருந்தே தொடர்வரிசைப் படம் வரையப்படும். படத்தை மாற்றினால் நிரல் மாறும். எக்ஸ்.எம்.எல்.லை வகுத்த குழுவில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளார்க் இந்த மொழியின் வடிவமைப்பிலும் முக்கிய பங்கெடுத்தார். முதல் முழுப் பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது. முழுதும் சீரமைத்த ஸ்வான் லேக் பதிப்பு 2022-இல்.

அந்த மொழியில் இணையாக ஓடும் ஒவ்வொரு கோட்டுக்கும் வேர்க்கர், அதாவது தொழிலாளி, என்றே பெயர். ஒரு கோடு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப அம்புக்குறி. அனுப்பியதைப் பெறும் வரி எதிர்க்கோட்டில் இல்லாவிட்டால் ஓடுவதற்கு முன்பே தொகுப்பி பிழை காட்டும். மடுவம் எடையை அனுப்பி, ஸ்டோர் அதைப் பெற மறந்திருந்தால், மாத முடிவில் தெரியவேண்டிய குறை எழுதும் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

பலரினா ஒருங்கிணைப்பு மொழியாகப் பிறந்ததால், மாதக்கணக்கில் காத்திருக்கும் நினைவு அதன் முதல் அக்கறையாக இருக்கவில்லை. அந்தப் பொறுப்பை வேறொரு குடும்பம் ஏற்றது. ஊபர் கம்பனிக்குள் கேடன்ஸ் என்ற இயக்கியை எழுதிய மக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் 2019-இல் டெம்போரலைத் தொடங்கினர். இங்கே ஓட்டம் சாதாரண நிரல்தான். நடந்த ஒவ்வொரு படியும் வரிசையாகப் பதிவாகும். இயந்திரம் விழுந்தால் வேறு இயந்திரம் அந்தப் பதிவை முதலிலிருந்து படித்து, விட்ட இடத்துக்கு வந்து சேரும். 1962-இன் வில்லையும் 1987-இன் சாகாவும் 2002-இன் காத்திருப்பும் இதற்குள் அப்படியே இருக்கின்றன, எக்ஸ்.எம்.எல். மட்டும் போய்விட்டது. டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை 2024-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஈ.கியூ.டி. 60 கோடி டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் வாங்கியது.

ஊவாவில் இப்போது இரண்டு காலமும் ஒன்றாக நடக்கின்றன. பதுளையில் 2005-இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் கணினி அறிவியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. கொழும்பு ஏலம் 2020 ஏப்ரலில் மின்னணுத் தளத்துக்கு மாறியது. மலையில் பல இடங்களில் முள் தராசு போய் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. அங்கே எழும் சிக்கல் மிகச் சிறியதாகத் தோன்றும். பள்ளத்தில் சிக்னல் கிடையாது. எடையைக் கைக்கருவி தன்னுள் வைத்திருந்து, மேடேறியதும் அனுப்புகிறது. பதில் வரத் தாமதமானால் மறுபடி அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 18 கிலோ 36 ஆகிவிடும். ஒவ்வொரு நிறுவைக்கும் அழியாத தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் இரண்டாம் தடவை வந்தால் புறக்கணிப்பதே இதற்குப் பரிகாரம்.

தீர்க்க வேண்டிய இரண்டாவது சிக்கல், எடையை ஒப்பாதவருக்கான வழி. பி.பி.எம்.என்.னில் ஒரு பணிப்பெட்டியின் விளிம்பில் சிறு வட்டம் ஒட்டலாம். பணி நடக்கும்போதே குறுக்கே வரும் நிகழ்ச்சிக்கு அது வாசல். நிறுவைப் பெட்டியின் விளிம்பில் அந்த வட்டத்தை ஒட்டி, தொழிலாளியின் மறுப்பை அதற்குரிய நிகழ்ச்சியாக்கி, வட்டத்திலிருந்து ஒரு அம்பை வெளியே இழுத்தால், ஓட்டம் மறு நிறுவைக்குத் திரும்பும். மாறிய எடை திருத்தப் பதிவாகச் சேரும். பழைய எண்ணும் அழியாமல் பக்கத்தில் நிற்கும். தமிழில் அச்சான துண்டு தராசடியிலேயே அவர் கையில் கிடைக்கும்.